குளிரில் சிதையும் கற்பனை நகரத்தைக் கட்டுவது எப்படி: புதிதாக எழுத வருகிறவர்களுக்கு

மிகுபுனைவு, அதாவது மந்திரமும் கற்பனை உலகமும் கலந்த கதை, எழுத வருகிற நண்பர்கள் பலர் முதலில் கட்ட ஆசைப்படுகிற ஊர் ஒன்று உண்டு. வடக்கே எங்கோ ஒரு நகரம், எப்போதும் பனி, பாதி இடிந்த கோட்டை, இருண்ட தெரு, முக்காடு போட்ட ஆட்கள். எனக்கும் அப்படிப்பட்ட ஊர்கள் பிடிக்கும். ஆனால் மூன்றாவது பக்கத்திலேயே கேள்வி வந்துவிடுகிறது. இவ்வளவு குளிரில், இவ்வளவு பாழடைந்த இடத்தில், இந்த ஜனம் ஏன் இன்னும் இருக்கிறது? இன்று காலையில் எதைக் கொளுத்திக் கஞ்சி வைத்தார்கள்? எழுதியவரிடம் பதில் இருந்தால் ஊர் நிற்கும். இல்லாவிட்டால் அது நாடகத்துக்குப் பின்னால் தொங்கும் படுதாதான்.

கதை எழுதுகிறவர்களுக்கு மட்டுமல்ல, கணினி விளையாட்டுக்கு உலகம் வரைகிறவர்களுக்கும், நண்பர்களைச் சுற்றி உட்காரவைத்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசவைக்கும் விளையாட்டு நடத்துகிறவர்களுக்கும் இது உதவும். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒரே விஷயம்தான். ஊரில் சூடு எங்கே பிறக்கிறது, யார் கை வழியாகப் போகிறது, எந்த வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நகரத்தையும் கூடவே கட்டிக்கொண்டு போகலாம். மந்திரம் உள்ள உலகம். நகரத்தின் பெயர் ஏழாங்குழி.

முதல் படி: அங்கே ஏன் போனார்கள்?

குளிர்ப் பிரதேசத்தில் மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்கிறார்கள், ஆனால் சிறு கூட்டங்களாக, மானையும் மீனையும் தொடர்ந்து நகர்ந்துகொண்டே. நகரம் என்பது வேறு. லட்சம் பேரை ஓர் உறைந்த சமவெளியில் உட்காரவைக்க வேண்டுமென்றால் பெரிய காரணம் வேண்டும்: சுரங்கம், துறைமுகம், எல்லைக் கோட்டை, சிறை. பெரும்பாலும் இவற்றில் இரண்டு ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

நம் உலகத்திலேயே பாருங்கள். ரஷ்யாவின் வோர்குட்டா, ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள நிலக்கரி நகரம். நோரில்ஸ்க் இன்னும் வடக்கே, நிக்கலும் செம்பும் பலேடியமும் எடுக்கிற ஊர். இரண்டுமே 1930களில் கைதிகளின் உழைப்பு முகாம்களாகத் தொடங்கியவை. யாரும் விரும்பிப் போய்க் கால்கோள் நாட்டவில்லை. பிறகு முகாம்கள் மூடப்பட்டன, கூடுதல் சம்பளத்துக்காகத் தொழிலாளர்கள் வந்தார்கள், பள்ளியும் அரங்கமும் நீச்சல் குளமும் கட்டினார்கள், ஒரு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தது. இன்றைக்கும் நோரில்ஸ்கை நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் சாலையோ ரயிலோ கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் தெற்கே உள்ள ரஷ்யாவைப் ‘பெருநிலம்’ என்கிறார்கள். தாங்களும் அதே கண்டத்தில்தான் இருக்கிறார்கள், ஆனாலும் தீவில் வாழ்கிறவர்கள் பேசுவது போலத்தான் பேச்சு. இந்த மாதிரி ஒரு சொல் உங்கள் நகரத்துக்கும் வேண்டும். ஒரே சொல்லில் பத்துப் பக்க வரலாறு அடங்கிவிடுகிறது.

சரி, ஏழாங்குழிக்கு வருவோம். அங்கே பூமிக்கடியில் கனல்கல் கிடைக்கிறது. தோண்டி எடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் அது கதகதப்பாகவே இருக்கும். தெற்கத்தி அரசர்கள் தங்கள் அரண்மனைகளுக்கு அதைக் கப்பலில் கொண்டுபோனார்கள். முதலில் கடனாளிகளையும் கைதிகளையும் அனுப்பித் தோண்டினார்கள், அப்புறம் கூலிக்காரர்கள் வந்தார்கள். மொத்தம் பதினோரு குழிகள். ஏழாவது குழியைச் சுற்றித்தான் பெரிய குடியிருப்பு வந்தது, அதனால் ஊருக்கே அந்தப் பெயர். வோர்குட்டாவில் நகரத்தைச் சுற்றி ஒரு வளையமாகச் சுரங்கக் குடியிருப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு சுரங்கத்தை நம்பிப் பிறந்தது. அதிலிருந்து எடுத்துக்கொண்ட யோசனைதான் இது.

இங்கே ஒரு விஷயத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சுரங்கம் வருவதற்கு முன்னால் அந்த நிலம் காலியாக இல்லை. வோர்குட்டாவைச் சுற்றிக் கலைமான் மேய்க்கும் நெனெத்ஸ் மக்கள் காலங்காலமாக வாழ்ந்து வந்தவர்கள். அவர்களுக்குக் குளிர் எதிரி அல்ல, அது அவர்கள் வீடு. நகரத்துக்காரனுக்குச் சாவாகத் தெரிகிற சமவெளி அவர்களுக்கு மேய்ச்சல் நிலம். உங்கள் நகரத்துக்கு வெளியேயும் அப்படி ஒரு மக்கள் இருக்கட்டும். அவர்கள் இந்த நகரத்தை என்ன பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். கதையில் வராவிட்டாலும் பரவாயில்லை.

இரண்டாம் படி: தரையைத் தொட்டுப் பாருங்கள்

சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரத்தில் 1828இல் ஷெர்கின் என்ற வணிக நிறுவன அலுவலர் கிணறு வெட்டத் தொடங்கினார். தண்ணீர் வரவில்லை, உறைந்த மண்தான் வந்தது. 1837 வரை விடாமல் 116 மீட்டர் ஆழம் போனார்கள். அப்போதும் மண் உறைந்தேதான் இருந்தது. அந்தக் குழி இன்றும் இருக்கிறது.

இதுதான் நிரந்தர உறைநிலம். கோடையில் மேல்மண் மட்டும் கொஞ்சம் இளகிச் சேறாகும். கீழே கல் மாதிரி இறுகிக் கிடக்கும். இதன் மேல் நேராக வீடு கட்டி உள்ளே அடுப்பு மூட்டினால், வீட்டுச் சூடு தரைக்கு இறங்கும், தரை இளகும், வீடு ஒரு பக்கம் புதையும். யாகுட்ஸ்கின் பழைய மரவீடுகளில் ஜன்னல் தெருமட்டத்துக்கு இறங்கிவிட்டதைக் காணலாம். அதனால்தான் இந்த நகரங்களில் கட்டடங்களைத் தூண்கள் மேல் தூக்கி வைத்து, அடியில் குளிர்காற்று புகுந்து போக இடைவெளி விடுகிறார்கள். தண்ணீர்க் குழாய்களையும் புதைக்க முடியாது. தரைக்கு மேலேயே, தெருவைக் கடக்கும் இடத்தில் வளைவு போல் எழும்பி இறங்கி, ஊர் முழுக்க ஓடும்.

கதைக்கு இது எவ்வளவு கொடுக்கிறது என்று பாருங்கள். மனிதன் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அவன் நிற்கிற தரை கொஞ்சம் இளகுகிறது. ஏழாங்குழியில் பழைய செல்வந்தர் தெருவில் கனல்கல்லை வீட்டுத் தரைக்கு அடியிலேயே பதித்து வாழ்ந்தார்கள், இரண்டு தலைமுறை சுகமாக. இன்றைக்கு அந்தத் தெருதான் அதிகம் சாய்ந்து கிடக்கிறது. ஏழைகளின் தூண் வீடுகள் நேராக நிற்கின்றன.

மூன்றாம் படி: சூட்டின் வரைபடம்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு தாள் எடுத்து, கோட்டை கொத்தளமெல்லாம் வரைவதற்கு முன்னால், நடுவில் சூடு பிறக்கிற இடத்தைக் குறியுங்கள். வோர்குட்டா, நோரில்ஸ்க் போன்ற நகரங்களில் வீட்டுக்கு வீடு அடுப்பு இல்லை. ஒரு பெரிய நிலையத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குழாய் வழியாக ஊர் முழுக்க அனுப்புகிறார்கள். ஏழாங்குழியில் அது கல்மண்டபம். கனல்கற்களைக் குவித்து, மேலே செம்புக் கொப்பரைகள், அங்கிருந்து குழாய்கள்.

இப்போது குழாய்களை வரையுங்கள். ஒவ்வொரு தெருமுனைக்கும் ஒரு அடைப்புத் திருகு போடுங்கள். அந்தத் திருகு யார் கையில் இருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். அரசனின் பெயரைவிட இந்தப் பெயர்கள் உங்களுக்கு அதிகம் உதவும். குழாய் நீள நீளச் சூடு குறையும், ஆகவே மண்டபத்துக்குப் பக்கத்தில் இருப்பவன் சட்டையோடு உட்கார்ந்திருக்க, கடைசி வீட்டில் கம்பளிக்குள் தூங்குவார்கள். சோவியத் காலத்து அடுக்கு வீடுகள் பலவற்றில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ வீட்டுக்காரருக்கு வழியில்லை. அளவுக்கு மீறிப் புழுங்கினால் ஜன்னலின் மேல்மூலையில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்துவைப்பார்கள், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி இருந்தாலும். இதை எனக்கு ரொம்பப் பிடித்து ஏழாங்குழியில் அப்படியே எடுத்துக்கொண்டேன். அங்கே பணக்காரர் வீட்டை அடையாளம் காணத் தோரணவாயிலைத் தேட வேண்டாம். கடுங்குளிரில் எந்த ஜன்னல் திறந்திருக்கிறதோ அது.

அடுத்து, சூடு எப்படிச் சுருங்குகிறது என்று யோசியுங்கள். வோர்குட்டாவில் 1989 கணக்கெடுப்பின்போது ஒரு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள், 2021இல் சுமார் 57,000. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின, சுற்று வளையக் குடியிருப்புகள் காலியாயின. இப்படிக் காலியாகும்போது ஒரு கொடுமையான கணக்கு வரும். ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்று குடும்பம்தான் மிச்சம் என்றாலும் முழுக் கட்டடத்துக்கும் வெந்நீர் அனுப்பியாக வேண்டும், இல்லையென்றால் குழாய் உறைந்து வெடிக்கும். அதனால் நிர்வாகம் ஓரத்தில் உள்ளவர்களை நடுவுக்கு மாற்றிவிட்டு, ஓரங்களின் குழாயை மூடப் பார்க்கும். நகரம் தன் கைகால்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டு நெஞ்சை மட்டும் காப்பாற்றுகிறது, கடுங்குளிரில் மாட்டிய உடம்பு செய்வதைப் போலவே.

உங்கள் கதை அந்த மாற்றல் உத்தரவில் தொடங்கலாம். பதினோராம் குழித் தெருவில் கடைசிக் கட்டடம். இரண்டு கிழவிகள். திருகை மூட வந்தவன் அந்தத் தெருவிலேயே பிறந்தவன்.

பெரிய சூடு போனதும் சின்னச் சூடு பிறக்கும். காஷ்மீரில் மூங்கில் பின்னலுக்குள் மண்சட்டி வைத்துத் தணல் போட்டு, நீண்ட அங்கிக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடப்பார்கள். காங்கிரி என்று பெயர். டிசம்பர் 21இலிருந்து நாற்பது நாள் கடுங்குளிருக்கு அங்கே சில்லாய் கலான் என்று தனிப் பெயரே உண்டு. கொரியாவில் அடுப்புப் புகை தரைக்கு அடியில் ஓடித் தரையைச் சூடாக்கும். வட சீனத்தில் படுக்கும் மேடைக்கு அடியில் அதே வேலை. ரஷ்யக் கிராமத்து அடுப்பின் மேலேயே பெரியவர்களும் குழந்தைகளும் தூங்கினார்கள். உங்கள் மக்கள் எதைக் கண்டுபிடித்திருப்பார்கள், எங்கே ஒன்றாகக் கூடித் தூங்குவார்கள், அந்தக் கதகதப்பான இடத்தை வீட்டில் யாருக்கு விட்டுக்கொடுப்பார்கள்? ஒரு குடும்பத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும்.

கடைசியாக, எரிக்கிற வரிசை. 1941–42 குளிர்காலத்தில் ஜெர்மன் படைகளின் முற்றுகைக்குள் சிக்கிய ரஷ்ய நகரமான லெனின்கிராடில் மையச் சூடு நின்றதும் வீட்டுக்கு வீடு சின்னத் தகர அடுப்புகள் வந்தன. நாற்காலி, அலமாரி, புத்தகம், தரைப்பலகை என்று எல்லாம் உள்ளே போயின. உங்கள் முக்கியப் பாத்திரம் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல் எழுதுங்கள். முதலில் எதை எரிப்பார், கடைசிவரை எதை எரிக்க மாட்டார்? எதிர்வீட்டுக் கதவைக் கழற்றுவதற்கு முன்னால் தட்டிப் பார்ப்பாரா? ஒருவர் குணத்தைக் காட்ட, பக்கம் பக்கமாக வர்ணிப்பதற்கு இந்தப் பட்டியல் சமம்.

நான்காம் படி: குளிரில் பாழ் வேறு மாதிரி

நம்மில் பலர் தடுக்கி விழும் இடம் இது. நமக்குப் பாழடைந்த வீடு என்றால் சுவரில் ஆலங்கன்று, பாசி, கரையான் புற்று, வௌவால் வாடை. நம் ஊர் ஈரமும் வெயிலும் உயிர்களை விட்டுக் கட்டடத்தைத் தின்ன வைக்கின்றன. உறைந்த ஊரில் தின்ன ஆளில்லை. மரம் லேசில் மக்காது, துணி மட்காது, மேஜைமேல் விட்டுப்போன தட்டு தட்டாகவே இருக்கும்.

நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் உள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் பிரமிடன் என்று ஒரு சோவியத் நிலக்கரி ஊர். ஒரு காலத்தில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள், 1998இல் சுரங்கத்தை மூடிவிட்டுப் போனார்கள். அங்கே தனியாள் ஆண்கள் தங்கிய கட்டடத்துக்கு ‘லண்டன்’ என்றும் பெண்களுடையதற்குப் ‘பாரிஸ்’ என்றும் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், குழந்தைகள் தாழ்வாரமெல்லாம் ஓடிக் கத்திய குடும்பக் கட்டடம் ‘பைத்தியக்கார வீடு’. ஆட்கள் போன பிறகு ஜன்னல் விளிம்புகளில் கடற்பறவைகள் கூடு கட்டிக்கொண்டன. இன்றும் கோடையில் அந்த வீடு இரைச்சலாகத்தான் இருக்கிறது. எனக்கு இது மனதை விட்டுப் போகாத படம்.

அப்படியென்றால் குளிரில் கட்டடம் எதனால் அழிகிறது? தண்ணீரால்தான். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருக்கிறது. விரிசலில் புகுந்து உறைந்து இளகி மறுபடி உறைந்து, கல்லையே பிளக்கிறது. கைவிட்ட அடுக்கு வீட்டில் குழாய் வெடித்தால் படிக்கட்டெல்லாம் பனிக்கட்டி வழிந்து நிற்கும், நாற்காலியும் விளக்கும் கண்ணாடி போன்ற பனிக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும். வோர்குட்டாப் பக்கம் அப்படிப்பட்ட அறைகளின் படங்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் மந்திரம் போட வேண்டியதே இல்லை. சுவர்த்தாள் உரியும், வண்ணம் செதில் செதிலாகப் பெயரும், தரை வீங்கும், கதவு சட்டத்துக்குள் பொருந்தாது. ஆகவே உங்கள் எழுத்தில் பாசியையும் சிலந்தி வலையையும் எடுத்துவிட்டு, பொருந்தாத கதவையும் பெயர்ந்த வண்ணத்தையும் வையுங்கள்.

ஐந்தாம் படி: ஏன் இன்னும் போகவில்லை?

ஒரே பதில் வைக்காதீர்கள், ஆளுக்கொரு பதில் வையுங்கள். ஒருத்தரால் வீட்டை விற்க முடியவில்லை, விற்றாலும் தெற்கே ஒரு திண்ணைகூட வாங்க முடியாத விலை. இன்னொருவர் தெற்கே வீடு தருவதாகச் சொன்ன அரசுப் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார். ரஷ்யாவின் வடக்கில் உண்மையாகவே அப்படிக் காத்திருக்கிறார்கள். ஒருவருக்குப் பிள்ளையின் கல்லறை இங்கே. ஒருவர் தோண்டும் வேலையில் கெட்டிக்காரர், தெற்கே போனால் அவரை யாருக்கும் தெரியாது. இன்னும் சிலர் இந்த ஊரை நேசிக்கிறார்கள், அவ்வளவுதான். கடும் ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டி உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பான். அந்தப் பழக்கத்தைப் பெருநிலத்தில் தேடிக் கிடைக்காமல் திரும்பி வந்தவர்களை எழுதுங்கள்.

இந்த நேசத்தை நான் முக்கியமாகச் சொல்கிறேன். பாழடைந்த நகரத்தை எழுதும்போது அதன் மக்களையும் இருட்டோடு சேர்த்து அலங்காரமாக்கிவிடுவது சுலபம், எல்லாரும் திருடர், குடிகாரர், பைத்தியம் என்று. அங்கேயும் ஒருத்தி பள்ளிக்கூடம் நடத்துகிறாள். காலையில் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று குளிரைப் பார்த்துக் கணக்குப் போடுகிறாள். நோரில்ஸ்கில் வெப்பநிலையோடு காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள்.

ஆறாம் படி: தண்ணீர், சாப்பாடு, சாவு

யாகுட்டியக் கிராமங்களில் குளிர்காலக் குடிநீருக்கு ஆற்றுப் பனியைப் பாளம் பாளமாக அறுத்து வீட்டு முன்னால் அடுக்கி வைக்கிறார்கள். வேண்டும்போது ஒரு துண்டு உள்ளே வந்து உருகும். யாகுட்ஸ்க் சந்தையில் உறைந்த மீனை விறகு போல நட்டு வைத்து விற்பார்கள், பனிப்பெட்டி தேவையில்லை. அந்த மீனைச் சுருள் சுருளாகச் சீவிப் பச்சையாகவே சாப்பிடுவார்கள். யாகுட் குதிரைகள் குளிர்காலம் முழுக்க வெளியே நின்று, குளம்பால் பனியைக் கிளறிப் புல் தேடும். காய்கறி கப்பலில் வரவேண்டும், ஆகவே ஏழாங்குழியில் வெங்காயம் சீர்வரிசையில் வைக்கிற பொருள்.

பாதைகளும் பருவத்துக்கு ஏற்ப மாறும். யாகுட்ஸ்கில் லேனா ஆற்றைக் கோடையில் படகில் கடப்பார்கள், குளிர்காலத்தில் பனிமேல் வண்டியே ஓட்டிப் போவார்கள். ஆறு உறையும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் இரண்டும் முடியாது. கதையில் யாரையாவது அக்கரையில் மாட்டிவைக்க வேண்டுமென்றால் அந்த வாரங்களைப் பயன்படுத்துங்கள். நோரில்ஸ்கின் துறைமுகமான துதின்காவில் வசந்தத்தில் யெனிசெய் ஆறு பொங்கித் துறைமேடையையே மூழ்கடிக்கும். ஆண்டுதோறும் அதற்கு முன்பே பாரந்தூக்கிகளையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, வெள்ளம் வடிந்ததும் திரும்பக் கொண்டுவருவார்கள். ஒரு துறைமுகம் மூட்டைமுடிச்சோடு மேட்டுக்கு ஏறி நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள், திருவிழா மாதிரி ஒரு நாள் கிடைக்கும்.

சாவு. உறைந்த தரையில் குழி தோண்ட, முதலில் அதன்மேல் நெருப்பு மூட்டி இளக்க வேண்டும். புதைத்த பிறகும் தரை உறைந்து இளகி உறைந்து, உள்ளே இருப்பதை மேலே தள்ளும், உடல்களும் மக்காது. ஸ்வால்பார்டின் லாங்யியர்பியென் ஊரில் 1950 வாக்கிலேயே சவப்பெட்டிப் புதைப்பை நிறுத்திவிட்டார்கள். 1918இல் உலகமெங்கும் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் இறந்து அங்கே புதைக்கப்பட்டவர்களின் குழிகளை 1998இல் ஆராய்ச்சிக்காகத் திறந்தார்கள். மந்திர உலகம் எழுதுகிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கனல்கல் ஒன்றை மார்பில் வைத்துப் புதைத்தால் தரை இளகிப் பிள்ளை ஆழத்துக்குப் போய்விடும், மேலே வராது என்று ஏழாங்குழித் தாய்மார்கள் நம்புகிறார்கள். கல் விலை ஏறிய பிறகு அந்தக் கற்களைத் தோண்டுகிறவர்களும் வந்தார்கள்.

ஏழாம் படி: பகல் இல்லாத நாள்கள்

நோரில்ஸ்கில் குளிர்காலத்தில் சுமார் 45 நாள் சூரியன் எழாது. முழு இருட்டு என்று எழுதிவிடாதீர்கள். நண்பகல் பக்கம் சில மணி நேரம் நீலமாக ஒரு வெளிச்சம் வரும், பனி அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். அங்கே மக்கள் நேரத்தை எப்படி அறிகிறார்கள்? இதற்கு நம் கையிலேயே ஓர் அருமையான முன்மாதிரி இருக்கிறது. நெடுநல்வாடையில் மழைமூட்டத்தில் பொழுது தெரியாமல் போக, பூந்தட்டில் வைத்த பிச்சியரும்பு மலர்ந்து மணப்பதைக் கொண்டு பெண்கள் மாலை வந்துவிட்டதை அறிவார்கள். வீட்டுப் புறா இரவு பகல் தெரியாமல் மயங்கி நிற்கும், கோடைக்கான விசிறி மடக்கித் தொங்கச் சிலந்தி நூல் கட்டியிருக்கும், குளிர்ந்த நீரை யாரும் தொடாமல் அகன்ற வாயுள்ள தடவில், அதாவது தணல்சட்டியில், நெருப்புக் காய்வார்கள். குளிர் என்ற சொல்லைவிடப் பயன்படாமல் கிடக்கும் விசிறி எவ்வளவு குளிரைச் சொல்கிறது! அந்த வாடை பனிப்பிரதேசத்துக் குளிர் இல்லைதான், ஆனால் எழுதும் முறை அங்கேயும் செல்லும். ஏழாங்குழியில் கல்மண்டபத்தின் திருகு மாறும்போது குழாய்கள் ஒரு முறை முனகும், அதுதான் மாலை.

எட்டாம் படி: சொற்களைத் தேர்ந்தெடுப்பது

தமிழில் பனி என்றால் புல்நுனித் துளியும் அதுதான், மார்கழி மூட்டமும் அதுதான், வானிலிருந்து விழுகிற வெள்ளையும் அதுதான். நமக்குப் பழகிய முதல் இரண்டும் இதமானவை, அதனால் ‘பனி பெய்தது’ என்று எழுதினால் வாசகர் மனதில் மார்கழிக் கோலம் வந்துவிடும். வெண்பனி, உறைபனி, பனிக்கட்டி, பனிப்பொடி என்று பிரித்துக்கொண்டு, முதல் இரண்டு அத்தியாயத்துக்குள் வாசகருக்குப் பழக்கிவிடுங்கள். கூதல், வாடை, ஊதற்காற்று, விறைத்தல், மரத்துப்போதல், குளிர் காய்தல், கணப்பு, குமுட்டி எல்லாம் நம்மிடம் இருக்கின்றன, கூச்சப்படாமல் எடுங்கள்.

உவமையில் கவனம் தேவை. வெண்பனி பஞ்சு போல விழுந்தது என்று எழுதும்போது, பாத்திரம் பஞ்சைப் பார்த்திருக்கிறதா என்று கேளுங்கள். ஏழாங்குழிக்காரி சாம்பலையும் மீன்செதிலையும் எலும்புத் தூளையும் பார்த்தவள்.

பெய்துகொண்டே இருக்கும் பனியையும் குறையுங்கள். கடுங்குளிர் ஊர்கள் பல வறண்டவை. யாகுட்ஸ்கில் ஒரு வருஷம் மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 240 மில்லிமீட்டர்தான், சென்னையில் 1,400 அளவுக்கு வருகிறது. உச்சக் குளிரில் அங்கே காற்று அசையாது, மூச்சும் புகையும் மூடுபனியாகித் தெருவிலேயே தங்கும். விட்ட மூச்சு உறையும் மெல்லிய சத்தத்தை ‘நட்சத்திரங்களின் கிசுகிசுப்பு’ என்கிறார்கள். காலடியில் பனி கீச்சிடும். வாசனை அநேகமாக இருக்காது, ஆகவே கதவைத் திறந்து உள்ளே நுழைகிற கணத்தில் எல்லா வாசனையும் ஒரேயடியாக மூக்கில் அறையட்டும்.

சண்டைக் காட்சிகள் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடுங்குளிரில் இரும்பு எளிதில் உடையும், ஈரக்கை உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும், தோல் வார் விறைக்கும். வெறுங்கையோடு வாளை உருவுகிற வீரனை ஏழாங்குழிச் சிறுவர்கள் பார்த்துப் பரிதாபப்படுவார்கள்.

ஒன்பதாம் படி: முதல் காட்சி

இவ்வளவும் சேர்த்தபின் கோட்டை வாசலில் தொடங்க வேண்டாம், வரலாற்றையும் சொல்ல வேண்டாம். ஒருத்தியைத் தேர்ந்தெடுங்கள். அவள் வீடு குழாயின் கடைசியில் இருக்கட்டும். கல்மண்டபத்தில் பங்குக் கல் வாங்க வேண்டும், போகவும் வரவும் ஒரு மணி நேரம். அவள் கூடவே நடங்கள். எந்தத் தெருவில் வேகமாகப் போகிறாள், எந்தக் குழாய் வளைவின் கீழ் நாய்களோடு ஒரு நிமிஷம் நிற்கிறாள், யார் வீட்டுத் திறந்த ஜன்னலைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்கிறாள் என்று எழுதுங்கள். வரிசையில் நிற்கிறாள். போன வருஷம் இரண்டு கை நிறையக் கொடுத்தார்கள், இன்றைக்கு ஒன்று, அதுவும் ஆறத் தொடங்கிய கல். திரும்பும் வழியில் பதினோராம் குழித் தெருவில் அந்த இரண்டு கிழவிகளின் கட்டடம் வருகிறது. அவள் கையுறையைக் கழற்றி வெறுங்கையால் குழாயைத் தொட்டுப் பார்க்கிறாள்.